ஒரு பாதைக்கு மூன்று வழக்கா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலம், டொங்காட் பக்கம் நம்மவர்களிடமிருந்து வரும் நில வழக்குகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தாத்தா காலத்துக் கரும்பு நிலம் பிள்ளைகளுக்குப் பாகமாகிறது. பின்பாகத்துக்காரர் ரோட்டுக்கு வர முன்பாகத்து நிலத்தைக் கடக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் இருந்தவரை இதை யாரும் பத்திரத்தில் ஏற்றவில்லை. முன்பாகம் வெளியாளுக்கு விலைபோனதும் பாதையில் கேட் முளைக்கிறது.

பின்பாகத்துக்காரர், சர்விட்யூட் (அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் உரிமை) உண்டென்று அறிவிக்கக் கேட்டு டர்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறார். பக்கத்துப் பங்காளி வேறு அட்டர்னி (வக்கீல்) வைத்து அங்கேயே தனி வழக்குப் போடுகிறார். முன்பாகத்துக்காரரோ டிராக்டர் ஏறிக் கரும்பு நாசமானதென்று மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கிறார். அடிப்படைக் கேள்வி மூன்றிலும் ஒன்றே. ஒரு கோர்ட் வழி உண்டென்றும் இன்னொன்று இல்லையென்றும் சொன்னால் கேட்டைத் திறப்பதா, மூடுவதா?

உயர் நீதிமன்ற விதி 11 இதற்காகவே இருக்கிறது. வழக்குகளை இணைப்பது வசதியானது என்று பட்டால் நீதிமன்றம் அப்படி உத்தரவிடலாம்; பிறகு அவை ஒரே வழக்காக நடக்கும், ஒரே தீர்ப்பு வரலாம். ஆனால் தானாக நடக்காது. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்து ஒரு தரப்பு மனுப்போட வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பெரிய பாதிப்பில்லை என்று காட்டும் பொறுப்பும் மனுதாரருடையதே. ஒரு வழக்கு விசாரணைத் தேதியை எட்டிய பிறகு நேற்றுப் போட்ட வழக்கை அதோடு சேர்க்கக் கேட்டால் எளிதில் கிடைக்காது. மாஜிஸ்திரேட் கோர்ட் வழக்கை முதலில் மேலே மாற்ற வேண்டும்; அதற்குச் சில நிபந்தனைகளோடு பிரதிவாதிக்கு வழியுண்டு.

என் கணக்கில், வழக்குகளை இணைக்கச் செலவு மிச்சமாவதைவிடச் சாட்சிதான் பெரிய காரணம். பத்திரத்தில் இல்லாத பாதைக்கு, நெடுங்காலப் பயன்பாட்டை வைத்து உரிமை கேட்டால், 30 ஆண்டுகள் பகிரங்கமாக, உரிமை உள்ளவர்போலப் பயன்படுத்தியதைக் காட்ட வேண்டும். அந்தக் காலத்து மாட்டுவண்டித் தடத்தை நினைவில் வைத்திருப்பவர் ஊரில் ஒருவரோ இருவரோ. எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டியை மூன்று கோர்ட்டில் கூண்டேற்றினால் மூன்று விதமாகத்தான் ஞாபகம் வரும். அந்தச் சின்ன வேறுபாடுகளை வைத்தே எதிர் வக்கீல் பாதையை அழித்துவிடுவார். பாட்டியின் சொல்லுக்குத் துணையாக, கேப் டவுன் மௌப்ரேயிலுள்ள அரசு அலுவலகத்திலிருந்து பழைய வான்வழிப் படங்களையும் வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் இணைக்கவும் கூடாது. நேற்றுவரை நடந்த பாதையை இன்று பூட்டிவிட்டால், பழைய நிலையைத் திருப்பித் தரக் கேட்கும் அவசர மனு தனியாகவே ஓடட்டும். அங்கே உரிமை யாருக்கு என்ற கேள்வியே எழாது. நிம்மதியாக அனுபவித்தாரா, சட்டத்துக்குப் புறம்பாகப் பறிக்கப்பட்டதா என்பதே விசாரணை. அதை மூல வழக்கோடு கட்டினால் நீங்களே அதன் வேகத்தைக் கொன்றதாகும்.

2020 முதல் உயர் நீதிமன்றத்தில் புதிய வழக்கோடு, மத்தியஸ்தர் மூலம் சமரசம் பேசச் சம்மதமா இல்லையா என்ற நோட்டீஸும் தர வேண்டும். பலர் படிக்காமலே மறுப்பில் கையெழுத்துப் போடுகிறார்கள். சமரசம் ஆனால், நோட்டரி முன் பத்திரம் எழுதி பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப்பதிவு அலுவலகத்தில் பதியுங்கள். வெறும் ஒப்பந்தக் காகிதமாகப் பீரோவில் கிடந்தால், விஷயம் தெரியாமல் நிலத்தை வாங்கும் அடுத்த ஆளை அது கட்டுப்படுத்தாது.