சொல் விளக்கம்: வர்ரா வர்ரா வாய்

1770 ஏப்ரல் 29. இன்றைய சிட்னிக்குத் தெற்கே, கமாய்க் கடற்கரை. பாட்டனி விரிகுடா என்ற பெயர் ஆங்கிலேயர் பிறகு வைத்தது. ஜேம்ஸ் குக்கின் படகுகள் கரையை நெருங்கியபோது, தராவல் மொழி பேசும் குவீகல் குடியினர் இருவர் ஈட்டியோடு எதிர்நின்று உரக்கக் கத்தினார்கள். கப்பலில் வந்த ஓவியர் சிட்னி பார்க்கின்சன், தன் காதில் விழுந்ததை எழுதி வைத்தார்: வர்ரா வர்ரா வாய்.

தமிழ்க் காதுக்கு இது 'வாராய், வாராய்' என்று அழைப்பதுபோலக் கேட்கும். வெறும் ஒலி ஒற்றுமை. உறவு ஏதும் கிடையாது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதற்குச் சொல்லப்பட்டு வந்த பொருள் 'போய்விடு'. நானும் பல காலம் 'போ, போ' என்றே எழுதி வந்தேன். இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? கப்பலில் பசிபிக் கடலின் ரையாட்டியா தீவைச் சேர்ந்த துபாயா இருந்தார். நியூசிலாந்தில் மவோரி மக்களோடு பேசிப் புரியவைத்தவர் அவர்தான். இங்கே அவருக்கும் ஒரு சொல்கூட விளங்கவில்லை என்று குக்கே எழுதியிருக்கிறார். நாங்கள் போய்விட வேண்டும் என்பதுதான் அவர்கள் விருப்பமாகத் தெரிந்தது என்றும் எழுதினார். ஆக, மொழி தெரிந்து சொன்ன பொருள் அன்று. ஈட்டியையும் கையசைவையும் பார்த்து ஊகித்த பொருள். 1788இல் கைதிகளோடு வந்த கப்பல் கூட்டமும் இதே போன்ற கூச்சலைக் கேட்டு, அதே பொருளையே எழுதிக்கொண்டது.

தராவல் மூத்தோர் சொல்வது வேறு. 'வர்ரா' என்ற வேர் அவர்கள் மொழியில் வெண்மையையோ சாவையோ குறிப்பது. தாழ்ந்து வரும் மேகத்தில் இறந்தோரின் ஆவி திரும்பி வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வெள்ளைப் பாய் விரித்துக் கடலோடு ஒட்டி வந்த கப்பல், அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. 'இவர்கள் எல்லாரும் செத்தவர்கள்' என்பதுதான் அந்தக் கூவல்; சொந்தக் குடிக்கு விடுத்த எச்சரிக்கை.

இதை ஒப்புக்கொண்டால் ஒரு பெரிய மாற்றம் நடக்கிறது. 'போ' என்றால் கேட்பவர் குக். 'செத்தவர்கள்' என்றால் கேட்பவர்கள் பின்னால் குடிசையில் இருக்கும் பிள்ளைகளும் பெண்களும். நம் இலக்கணத்தில் இதற்குப் பக்கத்திலேயே ஓர் இடம் உண்டு: அடுக்குத்தொடர். அச்சத்திலும் விரைவிலும் ஒரு சொல் அடுக்கி வரும். 'பாம்பு பாம்பு!' என்று கத்துகிறவர் பாம்போடு பேசவில்லை.

தமிழில் எப்படிச் சொல்லலாம்? 'பேய்', 'பிசாசு' இரண்டும் கூடாது. அவற்றில் தீமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'ஆவி' உடலற்றது, கரைக்கு வந்தவர்களுக்குக் கையும் காலும் இருந்தன. குறளின் 'தென்புலத்தார்' மதிப்பான சொல்தான். ஆனால் அவர்கள் நாம் கடன் செய்து போற்றும் முன்னோர். கூவி எச்சரிக்க வேண்டியவர்கள் அல்லர். என் தேர்வு: 'மாண்டார், மாண்டார்!' மாள் என்னும் வேரிலிருந்து வரும் இச்சொல் 'இறந்தார்' என்று வினைமுற்றாகவும், 'இறந்தவர்' என்று வினையாலணையும் பெயராகவும் நிற்கும். பேச்சு வழக்கில் எழுதுவதானால் 'செத்தவங்க, செத்தவங்க!'

இந்த எண்ணம் கமாயோடு நிற்கவில்லை. கண்டத்தின் மறுகோடியில், தென்மேற்கு நூங்கர் மக்கள் இறந்தோர் ஆவிக்கு வழங்கிய 'ஜாங்கா' என்ற சொல்லை வெள்ளையருக்கும் வழங்கினார்கள். 1803இல் இன்றைய விக்டோரியாவில் தப்பியோடிய கைதி வில்லியம் பக்லி, ஒரு சமாதியில் கிடந்த ஈட்டியை ஊன்றிக்கொண்டு நடந்தார். அந்த ஈட்டிக்காரனே திரும்பி வந்துவிட்டான் என்று நம்பிய வாத்தாவுருங் மக்கள், 'முர்ரன்குர்க்' என்று அவன் பெயர் சொல்லியே அழைத்துத் தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். 32 ஆண்டுகள் பக்லி அவர்களோடு வாழ்ந்தார். திரும்பி வந்தவர் சொந்தக்காரராகவும் இருக்கலாம் என்ற இந்த ஈரத்தை 'போய்விடு' என்ற பொருள் முழுக்க மறைத்துவிடுகிறது.

கமாய்க்கு வருவோம். கப்பல் நுழைந்தபோது மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை என்று குக்கோடு வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் வியந்து எழுதினார். அக்கறையின்மை என்று அதைப் படித்தவர்கள் உண்டு. மாண்டார் வருகிறார் என்று எண்ணுகிறவர் முகம் கொடுக்காமல் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. கரையில் நின்ற இருவர்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. காலில் குண்டு பட்டவர் குடிசைக்கு ஓடி, கேடயம் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து நின்றார். பின்னர், அவ்விடத்துக் குடிசைகளில் இருந்த நாற்பதுக்கு மேற்பட்ட ஈட்டிகளைக் குக்கின் ஆட்கள் அள்ளிப் போனார்கள். அவற்றில் மிஞ்சியிருந்த நான்கு, 2024 ஏப்ரலில்தான் கேம்பிரிட்ஜிலிருந்து உரியவர்களிடம் வந்து சேர்ந்தன.

ஈட்டிகளை எடுத்தவர்கள், பிள்ளைகள் ஒளிந்திருந்த குடிசையில் பாசிமணிகளை வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது குடிசை காலியாக இருந்தது. மணிகள் வைத்த இடத்திலேயே கிடந்தன.