பல் முளைப்பதால் காய்ச்சல் 103 ஏறாது

இந்த வாரமும் ஒரு குழந்தை. ஒன்றரை வயது, வடசென்னை. நான்கு நாளாக வாந்தியும் பேதியும். முதலில் பல் முளைக்கிறது என்றார்கள். பிறகு மாந்தம் என்று உரை மருந்து. அதற்கும் அடங்காமல், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கப் போயிருக்கிறார்கள். காய்ச்சலைப் பற்றிக் கேட்டால், "அது விட்டுவிட்டுத்தான் வருகிறது டாக்டர், வயிறுதான் சரியில்லை" என்கிறார் பாட்டி. ரத்தத்தைச் சோதித்தால் வைவாக்ஸ் என்ற வகை மலேரியா.

ஈறு வீங்கும், எச்சில் ஒழுகும், பிள்ளை சிணுங்கும். பல் செய்வது அவ்வளவுதான். உடம்பை அனலாகக் கொதிக்க வைக்காது.

மலேரியா என்றால் குளிர் நடுக்கம், பிறகு காய்ச்சல், பிறகு வியர்வை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று பள்ளிப் பாடத்தில் படித்ததை எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒழுங்கு பெரியவர்களிடமே எப்போதும் தெரிவதில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் தேடவே தேடாதீர்கள். காய்ச்சல் எந்த நேரத்திலும் வரும், நடுக்கம் இல்லாமலும் வரும். கூடவே வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, பால் குடிக்க மறுப்பது. தாயின் கண்ணுக்கு முதலில் படுவது நனைந்த துணிதான். காய்ச்சல் பின்னால் போய்விடுகிறது. எங்கள் மருத்துவர்களையும் சும்மா விட முடியாது. வயிற்றைத் தொட்டு, மலேரியாவில் வீங்கும் மண்ணீரலைத் தேடாமல் வாந்தி மருந்தும் ஆன்டிபயாடிக்கும் எழுதி அனுப்பும் சீட்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பேதியோடு காய்ச்சல் இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் மலேரியா என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை சாதாரண வயிற்றுத் தொற்றுதான். ஆனால் மலேரியா உள்ள பகுதியில் குடியிருந்தாலோ, ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பக்கம் போய்வந்திருந்தாலோ, காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். ஒருமுறை இல்லை என்று வந்தும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாள் மீண்டும் பாருங்கள். ஊருக்குப் போய்வந்ததை நாங்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்; "பால் செரிக்காது" என்று பட்டினி போடுவது கொடுமை. மலேரியாக் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், எதைக் கொடுத்தாலும் வாந்தி, மூச்சு வாங்குதல், வெளிறிய உள்ளங்கை, கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் நிற்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை கொடுத்த சற்று நேரத்தில் குழந்தை கக்கிவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்த வேளை மருந்து கணக்கில் வராது. குளோரோகுயின் என்ற மலேரியா மாத்திரை மூன்று நாளில் காய்ச்சலை அடக்கிவிடும். உடனே மிச்ச மருந்தைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வைவாக்ஸ் கல்லீரலில் பதுங்கியிருந்து மறுபடி வரும். அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின் என்ற இன்னொரு மாத்திரை. கைக்குழந்தைக்கு அது கூடாது. ஆகவே அண்ணனுக்கு எழுதிய மாத்திரையை உடைத்துத் தங்கைக்குக் கொடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

கடைசியாக, தயவுசெய்து மொட்டைமாடித் தொட்டியை இன்றே ஏறிப் பாருங்கள். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு சாக்கடையில் அல்ல, நீங்கள் குளிக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள், கிணறு இருந்தால் வலை போடுங்கள். இரவில் பிள்ளையைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.