யூனிட்ல ஏத்துறோம், டன்னுல உடையுது ரோடு

நமக்கு வீடு திருவொத்தியூர், வேலை ஆக்சில் லோடு சர்வே, அதாவது ரெண்டு பக்கச் சக்கரத்தையும் சேக்குற ஒவ்வொரு தண்டு மேலயும் எவ்ளோ எடை எறங்குதுன்னு பாக்குறது. ரோட்டோரமா தட்டையா ஒரு எடை மெஷினைப் போட்டு, கூட ஒரு போலீஸ்காரரை நிக்க வச்சு, போற லாரியை ஓரங்கட்டி ஒவ்வொரு சக்கரமா அது மேல ஏத்தி எடை எழுதிக்கறது. ரோடு எவ்ளோ தடிமனா போடணும்னு டிசைன் பண்றவங்களுக்கு இந்த கணக்குதான் போகும்.

ஆனா ஒரு விஷயம் சொல்லிடறேன். மணலி பக்கம் சர்வே போட்டா முதல் ரெண்டு மணி நேரம்தான் உண்மையான கணக்கு. அதுக்கப்புறம் வர்ற வண்டியெல்லாம் ஓவர்லோடு இல்லாம ரொம்ப ஒழுங்கா இருக்கும், ஏன்னா முதல்ல மாட்டின டிரைவர் போன்ல சொல்லியிருப்பாரு, மத்தவங்கல்லாம் மாதவரம் ரவுண்டானா தாண்டி டீக்கடையோரமா வரிசையா நிறுத்திட்டு நாங்க மூட்டை கட்டுற வரைக்கும் உக்காந்திருப்பாங்க. அதனால எங்க ரிப்போர்ட்ல வர்ற சராசரியை நானே முழுசா நம்பறதில்ல.

போன மாசம் அப்படி மாட்டின ஒரு டென் வீல் டிப்பர், டாரஸ்னு சொல்வோமே அது, எம் சாண்ட் லோடு, மொத்தம் முப்பத்தெட்டரை டன். பத்து சக்கர வண்டிக்கு லோடோட சேத்து 28.5 டன்தான் அளவு, அதுவும் 2018ல ஏத்திக் குடுத்த அளவு, அதுக்கு முன்னாடி 25தான். டிரைவர்கிட்ட கேட்டா, "இன்னா சார், நானா ஏத்துறேன்? ஆறு யூனிட்டுன்னு பில்லு, ஆறு யூனிட்டு கீது. நாலு யூனிட்டு அட்ச்சா டீசல் காசே தேறாதுன்றாரு மொதலாளி"ன்னாரு. அவர் சொன்னதுல பொய் இல்ல, பிரச்சனையே அந்த யூனிட்லதான் இருக்கு.

யூனிட்னா நூறு கன அடி. அது இடத்தோட அளவு, எடை இல்ல. ஒரு யூனிட் எம் சாண்ட் சுமாரா நாலரை டன்னுக்கு மேல வரும், மழைல நனைஞ்சா இன்னும் ஏறும். காலி வண்டியே பத்தரை டன் இருக்கும், அப்போ சட்டப்படி மிச்சம் பதினெட்டு டன், அதாவது நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. நாம வாங்குறது யூனிட்ல, சட்டம் பாக்குறது டன்ல, ரெண்டுக்கும் நடுவுல பாடிக்கு மேல ஒரு அடி பலகையோ தகரமோ வச்சு உயர்த்திட்டா வேலை முடிஞ்சுது.

சரி ஒரு பத்து டன் ஜாஸ்தி போனா என்னன்னு கேப்பீங்க. அமெரிக்கால 1958லேந்து 60 வரைக்கும் தனியா ரோடு போட்டு அது மேல லாரியை ஓட்டி ஓட்டியே உடைச்சுப் பாத்தாங்க, அதுல தெரிஞ்சது என்னன்னா ஆக்சில் மேல எடை ஏறினா சேதம் அதே அளவுல ஏறாது, கிட்டத்தட்ட நாலாம் படில ஏறும். எடை ரெண்டு மடங்குன்னா சேதம் பதினாறு மடங்கு. நம்ம டிப்பர் 35 சதவீதம் ஜாஸ்தி, அப்போ சேதம் சுமாரா மூணேகால் மடங்கு. பன்னெண்டு யூனிட்டை கிட்டத்தட்ட சட்டப்படி மூணு நடைல கொண்டு வந்தா ரோட்டுக்கு மூணு பங்கு அடி, ரெண்டு நடைல அமுக்கிக் கொண்டு வந்தா ஆறரை பங்கு. ஒரு நடை டீசல் மிச்சம் பண்ணதுக்கு ரோடு குடுக்குற விலை இது. இதுல ஐப்பசி கார்த்திகை மழைல அடியில மண்ணு ஊறிப் போயிருக்கும்போது சொல்லவே வேணாம்.

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு மாதிரி எடத்துல இன்னொரு கொடுமை, வண்டி ஓடறதே இல்ல, கன்டெய்னர் ட்ரெய்லர்லாம் நின்னு நின்னு நகருது. வெயில்ல இளகின தார் மேல எடை எவ்ளோ நேரம் நிக்குதோ அவ்ளோ அமுங்கும், அப்படித்தான் சக்கரம் போற தடத்துல நீளமா பள்ளம் விழுது. ராத்திரில அந்தப் பள்ளத்துல ஸ்கூட்டி சக்கரம் மாட்டி, பக்கத்துலயே ட்ரெய்லர்... எங்க தெருவுலயே ஒரு அக்கா கை உடைஞ்சு கெடந்தாங்க, மேல எழுத மனசு வரல.

மெஷின் இல்லாமயே கண்ணால கண்டுபிடிக்கலாம். பின்சக்கரத்துக்கு மேல இருக்கற ஸ்பிரிங் பட்டையைப் பாருங்க, வளைவா இருக்கணும், நேரா படுத்திருந்தா லோடு ஜாஸ்தி (எக்ஸ்ட்ரா பட்டை சொருகியிருந்தா இதுல ஏமாந்துடுவோம்). டயர் அடியில பக்கவாட்டுல பிதுங்கி நிக்கும். பாலம் ஏறும்போது நடந்து போறவன் முந்திடுவான். நான் முதல்ல பாக்குறது லிஃப்ட் ஆக்சில்தான், சில வண்டில ஒரு ஆக்சிலைத் தூக்கிக்கலாம், அது காலியா போகும்போது டயர் தேயாம இருக்க. லோடோடவே தூக்கிட்டு ஓட்டினா மொத்த எடை சரியா இருந்தாலும் மிச்ச ஆக்சில் மேல அத்தனையும் எறங்கிடும், மொத்த எடை மட்டும் போடற எடை மேடை சீட்டுல இது தெரியவே தெரியாது. இன்னொண்ணு பிரேக். 28 டன்னுக்குப் பண்ண பிரேக்கு 38 டன்னை நிறுத்தணும்னா சூடேறி பிடிப்பு போயிடும், முன்னாடி சிக்னல்ல நாமதான் நிக்கறோம்.

கன்டெய்னர் கதை வேற, சீல் போட்டு வர்றதுல உள்ள எவ்ளோன்னு பல நேரம் டிரைவருக்கே தெரியாது. ஏற்றுமதிப் பெட்டியை எடை போட்டுக் காட்டினாத்தான் கப்பல்ல ஏத்தணும்னு 2016 ஜூலைலேந்து ரூல் இருக்கு, ஆனா அது கப்பலைக் காப்பாத்த வந்தது, வழியில இருக்கற நம்ம ரோட்டை இல்ல.

சட்டம் இல்லாம இல்லீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 194ஆவது பிரிவுல 2019லேந்து இருபதாயிரம், கூடுதலா இருக்கற ஒவ்வொரு டன்னுக்கும் ரெண்டாயிரம், நம்ம டிப்பருக்கு நாப்பதாயிரம். எடை போட ஒத்துக்காம ஓடினா தனியா நாப்பதாயிரம். ஓட்டுறவர் மட்டும் இல்ல, ஓட்ட வச்சவரும் குத்தவாளிதான். முக்கியமா, கூடுதல் லோடை எறக்காம வண்டி நகரவே கூடாது, சுப்ரீம் கோர்ட்டு 2005லயே அதைத்தான் சொல்லுச்சு. ஆனா நடு ரோட்டுல பத்து டன் மணலை எங்க எறக்குறது? அதுக்கு யார்டு இல்ல, அதனால நான் பாத்த வரைக்கும் ஃபைன் கட்டிட்டு அதே லோடோட கிளம்பிடுவாங்க. வழியில புடிக்கறதை விட ஏத்துற எடத்துலயே, குவாரி கேட்லயே எடை சீட்டு இல்லாம வெளிய விடாம இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

மிச்ச பாதி நம்மகிட்ட இருக்கு. எதிர் வீட்ல மாடி கட்டுறாங்க, அண்ணன் ஆறு யூனிட் ஆர்டர் பண்ணிட்டு "ஃபுல் பாடியா வரணும் தம்பி, போன தடவ ஏமாத்திட்டானுங்க"ன்னு சொல்லிட்டிருந்தாரு. டன் கணக்குல கேளுங்கண்ணே, எடை சீட்டோட வாங்குங்க, அப்போ ஏமாத்தவும் முடியாது, ஓவர்லோடும் வராதுன்னு சொன்னேன். உடனே சப்ளையருக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டாரு. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம், "எடை போட்டுத் தர்லாம் சார், ஆனா அதுக்கு ரேட்டு வேற"ன்னாரு.