திரையில் இருப்பதையே குரலும் படிக்க வேண்டாம்

போன வாரம் இன்னொரு வீடியோ பாடம் சரிபார்க்க என் பார்வைக்கு வந்தது. ரேம் (மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகம்), ஹார்ட் டிஸ்க் (அணைத்தாலும் அழியாமல் சேமித்து வைக்கும் இடம்) பற்றிய அறிமுகம், 9 நிமிடம். திரையின் கீழ்ப்பாதி முழுக்க எழுத்து, அதை ஒரு சொல் விடாமல் வாசிக்கும் குரல், பின்னால் இசை, மூலையில் ஓயாமல் கையாட்டும் ரோபோ. இதே வார்ப்பில் எத்தனை பார்த்துவிட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

கணினியைப் புதிதாகத் தொடும் ஒரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து அதை ஓடவிட்டு, அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்கு இறங்குகிறது, ரோபோவுக்கு ஏறுகிறது, மறுபடி எழுத்து. சேவ் செய்ததும் ஃபைல் ரேமிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் போவதைக் காட்டும் அம்பு, பாடத்தின் உயிரே அதுதான், நாலு விநாடி வந்து மறைந்தது. அப்போது அவர் படித்துக்கொண்டிருந்தார். முடிந்ததும், "சேவ் பண்ணினால் எங்கே போகும்?" என்று கேட்டேன். "ரேமுக்கு" என்றார். அவர் கவனமாகத்தான் இருந்தார், பாடம்தான் அவரைக் கைவிட்டது.

இதைச் சொன்னால் தயாரிப்பாளர்களிடமிருந்து உடனே ஒரு பதில் வரும்: "கண்ணாலும் பார்த்து, காதாலும் கேட்டால் இரண்டு மடங்கு பதியும் இல்லையா?" இல்லை. படமும் குரலும் சேர்ந்தால் பதியும், அது உண்மை. ஆனால் எழுத்தும் அதே எழுத்தின் குரலும் சேர்ந்தால் அது ஒரே சரக்கு இரண்டு முறை வருவதுதான். சரளமாகப் படிப்பவரின் கண் குரலை முந்திவிடும், அப்புறம் குரலுக்காகக் காத்திருக்கும், அதற்குள் விட்ட இடம் மறந்துபோகும். இதற்கிடையில் படத்தைப் பார்க்கக் கண் எங்கே மிச்சம் இருக்கிறது? கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகள் சோதித்து, மிகைப்பு என்றே தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். "சிலர் கேட்டுக் கற்பவர்கள், சிலர் பார்த்துக் கற்பவர்கள், இருவருக்கும் வேண்டாமா?" என்பது அடுத்த கேள்வி. அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று உளவியலாளர்களும் 2008-லேயே எழுதிவிட்டார்கள்.

செவித்திறன் குறைந்தவர்களுக்கும், பாடத்தின் மொழி பழகாதவர்களுக்கும் எழுத்து கட்டாயம் வேண்டும். அதைச் சப்டைட்டிலாக, வேண்டியவர் போட்டுக்கொள்ளும்படி கொடுங்கள். புதுச் சொல் வரும்போது அந்தச் சொல்லை மட்டும், படத்தில் அந்தப் பாகத்தின் பக்கத்திலேயே காட்டுங்கள். கீழே 1, 2, 3 என்று எண் போட்டுப் பட்டியல் வைத்துத் தேடவிடாதீர்கள்.

இசையை எடுங்கள். ரோபோவையும் எடுங்கள், அது பாடத்துக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒரு கருத்து முடிந்ததும் நிறுத்தி, "தொடர்க" பொத்தானைக் கற்பவர் கையில் விடுங்கள். புதியவர் மனதில் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்துக்கு மேல் நிற்காது. விநாடிக்கு 3 தடவைக்கு மேல் பளிச்சிடும் எதுவும் கூடவே கூடாது, வலிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

ரேமுக்கு அனிமேஷனே தேவையில்லை. நாலு வரி தட்டுங்கள், சேவ் செய்யாமல் மின்சாரத்தைத் துண்டியுங்கள், மறுபடி திறந்து காட்டுங்கள். (இப்போது பல மென்பொருள்கள் தாமாகவே சேமித்துவிடுகின்றன, அந்த வசதியை அணைத்துவிட்டுப் படம்பிடிக்க மறக்காதீர்கள்.) திறப்பதற்கு முன் "என்ன இருக்கும்?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். பைட்டை, அதாவது 0 அல்லது 1 ஆக இருக்கும் எட்டு பிட்டுகளின் தொகுப்பை, விளக்க எட்டு சுவிட்ச் போதும். வலது ஓரத்திலிருந்து அவற்றின் மதிப்பு 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போகும். அதே ஓரத்திலிருந்து முதலாவதையும் மூன்றாவதையும் கற்பவர்களே போட்டு 5 வருவதைப் பார்க்கட்டும். எட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் 256 விதம் வரும் என்பதை அதற்கப்புறம் சொன்னால் யாருக்கும் பயம் வராது.

உங்கள் பாடத்தை நீங்களே சோதிக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எதையும் தவறவிட்ட மாதிரி இல்லையென்றால் திரையில் இருப்பது வெறும் அலங்காரம்.

தயவுசெய்து, குரல் பதிவுக்குப் போகும் முன்பே உரையையும் படங்களையும் காட்டிவிடுங்கள். எல்லாம் ஒரே வீடியோவாகக் கலந்த பிறகு அனுப்பினால், அந்த இசையை மட்டும்கூட என்னால் பிரித்தெடுக்க முடிவதில்லை.