பாக்கியவான், ஆசீர்வதிக்கப்பட்டவர், பேறுபெற்றவர்

இழவு வீட்டு ஜெபங்களில் இப்போது அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது: ‘துயரப்படுகிறவர்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள்.’ மத்தேயு 5:4ஐத்தான் சொல்கிறார்கள். ஆனால் நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் அந்த வசனம் ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்’ என்றே இருக்கிறது. சொல்லை மாற்றியதன் விளைவு கொடியது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய், ‘இந்தச் சாவும் ஓர் ஆசீர்வாதம்தான்’ என்று கூசாமல் சொல்கிறார்கள்.

ஆசீர்வாதம் வடசொல், ஆசி கூறுதல் என்பது பொருள். பாக்கியமும் வடசொல்லே, பங்கு என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பேறு தமிழ், ‘பெறு’ என்பதன் முதனிலை நீண்டு பெயரானது.

ஆசீர்வாதம் ஒரு செயல். ஒருவர் வாய் திறந்து வாழ்த்த, மற்றவர் அதைப் பெறுகிறார். பாக்கியம் ஒருவர் இருக்கும் நிலை. கிரேக்க மூலத்திலும் இவை இரண்டு சொற்கள்: வாழ்த்துவதற்கு யூலோகேயோ, நற்பேறு உள்ளவருக்கு மக்காரியோஸ். இந்த வசனம் உள்ள இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் வருவது மக்காரியோஸ். ஆங்கிலம் இரண்டையும் ‘பிளெஸ்ட்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டது. ஆங்கிலத்தைப் பார்த்துப் பிரசங்கம் தயாரிப்பவர்களுக்கு அந்த வேறுபாடு கண்ணில் படுவதே இல்லை. பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பட்டது. லூக்கா முதல் அதிகாரத்தில் எலிசபெத்து மரியாளிடம் ‘ஸ்திரீகளுக்குள்ளே நீ ஆசீர்வதிக்கப்பட்டவள்’ என்கிறாள். மூன்று வசனம் தள்ளி ‘விசுவாசித்தவளே பாக்கியவதி’ என்கிறாள். மூலத்தில் சொல் மாறும் இடத்தில் தமிழிலும் மாறுகிறது. இந்த நுட்பத்தைத்தான் இன்று கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

‘ஆசீர்வதிக்கப்பட்டவர்கள்’ என்றதும், யார் ஆசீர்வதித்தார், எதைக் கொண்டு என்ற கேள்விகள் எழுகின்றன. பக்கத்தில் துயரம் ஒன்றுதான் நிற்கிறது. ஆகவே துயரமே ஆசீர்வாதம் என்றாகிவிடுகிறது. வசனம் அதைச் சொல்லவில்லை. அழுகிறவர் ஆறுதலடைவார், அதனால் அவர் பாக்கியவான்.

பாக்கியத்திலும் குறை உண்டு. பேச்சில் அது அதிர்ஷ்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘கொடுத்து வைத்தவர்’ என்று சொல்லலாமே என்பார்கள். அதில் முற்பிறப்பில் கொடுத்ததன் பலன் என்ற எண்ணம் ஒட்டியிருக்கிறது. கிருபையைச் சொல்ல அது உதவாது.

பேறு அப்படியல்ல. வள்ளுவர் ‘மக்கட்பேறு’ என்கிறார், வீடுபேறு என்கிறோம். மகப்பேறு என்ற சொல்லில் வலியும் இருக்கிறது, ஆனால் வலிக்குப் பேறு என்று யாரும் பெயர் வைக்கவில்லை, பிள்ளையே பேறு. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு ‘துயருறுவோர் பேறுபெற்றோர், ஏனெனில் அவர்கள் ஆறுதல் பெறுவர்’ என்கிறது. பேறு, பெற்றோர், பெறுவர் என ஒரே வேர் வசனம் முழுவதும் ஓடி, பெறப்போவது ஆறுதல் என்று தெளிவாகக் காட்டுகிறது. இது கத்தோலிக்கர் சொல், புத்தகச் சொல் என்று ஒதுக்குவோர், மகப்பேறு மருத்துவமனைப் பெயர்ப்பலகையைத் தடுமாறாமல் படிப்பவர்கள்தாமே!

இன்னொன்று, ‘மாறுவேடத்தில் வந்த ஆசீர்வாதம்.’ ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்துப் பிரசங்க மேடையில் வைத்திருக்கிறார்கள். தமிழில் மாறுவேடம் போடுகிறவன் ஒற்றன் அல்லது திருடன். பிள்ளைகளை எல்லாம் இழந்த யோபு அப்படிப் பேசவில்லை. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்’ என்றான். ஸ்தோத்திரம் கர்த்தரின் நாமத்துக்கு. எடுத்ததை எடுத்தது என்றே சொன்னான்.