20,000 டிகிரியை விழுங்கும் செம்புத் துளை

திருவொற்றியூரிலிருந்து ஓர் ஐடிஐ மாணவர் கேட்டிருக்கிறார்: “பட்டறையில் 25 மில்லிமீட்டர் எஃகு பிளேட்டைப் பிளாஸ்மாவால் வெட்டுகிறார்கள். அந்த மின்வில்லின் (ஆர்க்) வெப்பம் 20,000 டிகிரி என்கிறார்கள். டார்ச்சின் முனைத்துளையான நாசிலோ வெறும் செம்பு. செம்பு 1,085 டிகிரியிலேயே உருகிவிடுமே, ஐயா?” அருமையான கேள்வி. பிளாஸ்மா வெட்டின் உயிரே இதன் பதிலில்தான் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். கேஸ் கட்டிங் என்பது இரும்பை எரிப்பது. சிவக்கக் காய்ந்த இரும்பின் மேல் ஆக்சிஜனைப் பாய்ச்சினால் அது எரிந்து ஆக்சைடாகி, உருகி வழிந்துவிடும். அலுமினியத்தில் இது பலிக்காது. அது 660 டிகிரியில் உருகும். அதன் மேல் படியும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும்; அது உருகாமல் நின்று ஆக்சிஜனை உள்ளே விடாது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பிளேட்டிலும் குரோமியம் ஆக்சைடு இதே தொல்லையைத் தரும். பிளாஸ்மா எதையும் எரித்தாக வேண்டியதில்லை. வாயுவை அயனியாக்கி (அதாவது மின்சாரம் கடத்தும்படி ஆக்கி), அதன் வழியே பிளேட்டுக்கு மின்வில்லைப் பாய்ச்சி, உலோகத்தை உருக்கி, அதே வேகத்தில் ஊதித் தள்ளிவிடும். மின்சாரம் கடத்தும் எந்த உலோகமும் வெட்டுப்படும்.

இனி செம்புக்கு வருவோம். 100 ஆம்பியர் டார்ச்சில் நாசில் துளையின் விட்டம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அத்தனை மின்சாரமும் அதற்குள் நுழைந்து வெளியேற வேண்டும். இங்கேதான் அந்த அழகான ஏற்பாடு. வாயுவை நேராக உள்ளே விடுவதில்லை. டார்ச்சுக்குள் மின்வில் கிளம்பும் முனையான எலக்ட்ரோடைச் சுற்றியுள்ள வளையத்தில் சாய்வாக இட்ட துளைகள் அதைச் சுழலவிடுகின்றன. சுழற்சியில் குளிர்ந்த, கனமான வாயு வெளியே ஒதுங்கிச் செம்புச் சுவரை ஒட்டி ஓடுகிறது. சூடான, இலேசான வாயு நடுவில் தங்கிவிடுகிறது. குளிர்ந்த வாயுவில் அயனிகள் இல்லாததால் அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மின்சாரம் முழுவதும் நடுவில் நெருக்கப்படுகிறது. நெருங்க நெருங்க நடுப்பகுதி சூடாகிறது. சூடாக ஆக இன்னும் நன்றாகக் கடத்துகிறது. அதனால் மேலும் நெருங்குகிறது. எந்தத் திடப்பொருளாலும் வார்க்க முடியாத ஒரு குழாயை வாயு தனக்குத் தானே செய்துகொள்கிறது! செம்பைக் காப்பது அந்த மெல்லிய குளிர்ப்படலம்தான்.

சுழற்சியின் தடம் வெட்டிலும் விழுகிறது. வாயு கடிகாரச் சுற்றில் சுழன்றால், டார்ச் நகரும் திசைக்கு வலப்பக்க விளிம்பு செங்குத்தாகவும் இடப்பக்க விளிம்பு சரிவாகவும் அமையும். அதனால்தான் தேர்ந்த ஆபரேட்டர், பாகம் எப்போதும் வலப்பக்கமே அமையும்படி, அதன் வெளிவிளிம்பைக் கடிகாரச் சுற்றிலும் உள்ளே வரும் துளைகளை எதிர்ச்சுற்றிலும் வெட்டுகிறார்.

படலம் கிழிந்தால் கதை முடிந்தது. காற்றழுத்தம் குறைந்தாலோ, நாசில் தாங்குவதற்கு மேல் ஆம்பியர் ஏற்றினாலோ, மின்வில் செம்பின் மேல் தாவிவிடும். வட்டத் துளை கோணலாகும், வெட்டு சாயும். எண்ணூர், மணலி போன்ற கடலோரப் பகுதிகளில் இன்னொரு பகைவன் உண்டு: ஈரக்காற்று. கம்ப்ரசர் குழாயில் நீர் சேர்ந்தால் நாசிலும் எலக்ட்ரோடும் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஏர் டிரையர் வாங்கும் செலவை வீண் என்று நினைக்கும் முதலாளிகள், மாதாமாதம் நாசிலுக்குக் கொடுக்கும் பணத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்.

காற்றை வைத்து வெட்டும் டார்ச்சில், எலக்ட்ரோடின் முனையில் ஹாஃப்னியம் என்ற உலோகம் ஒரு சிறு பொட்டாகப் பதிந்திருக்கும். எலக்ட்ரான்களை எளிதில் வெளிவிடுவது அதுதான். ஒவ்வொரு முறை மின்வில்லை அணைக்கும்போதும் அதில் துளி தெறித்துப் பள்ளம் விழும். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் சிர்க்கான் கனிமத்தில் ஹாஃப்னியமும் கலந்திருக்கிறது. அது நியூட்ரான்களை விழுங்குவதால், அணு உலைக்கான சிர்க்கோனியத்திலிருந்து அதைப் பிரித்து ஒதுக்குகிறார்கள். ராக்கெட்டுகளுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு துளியாவது இந்தப் பொட்டின் ஆயுளை நீட்டும் வேலைக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடித்த பிளேட்டில் கடினமான கட்டம், முதல் துளையிடுவது. அடிப்பக்கம் திறக்கும் வரை உருகிய எஃகு மேலே டார்ச்சின் மீதுதான் தெறிக்கும். ஆகவே வெட்டும் உயரத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரத்தில் துளையிட்டு, பிறகு டார்ச்சை இறக்குவார்கள். துளையிடவே முடியாத தடிமன் என்றால் பிளேட்டின் விளிம்பிலிருந்து தொடங்குவார்கள். சாதாரண எஃகு 50 மில்லிமீட்டரைத் தாண்டும்போது, பெரும்பாலும் பழைய கேஸ் கட்டிங்தான் கட்டுப்படியாகும்.

கடைசியாக, கேள்வியில் இல்லாத ஒன்று. பட்டறைப் புகைக்கு வெல்லம் தின்றால் நுரையீரல் சுத்தமாகிவிடும் என்று தொழிலாளர்களிடம் பரவலான நம்பிக்கை இருக்கிறது. வெல்லம் போவது வயிற்றுக்கு. எஸ்.எஸ். வெட்டும்போது எழும் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் என்ற குரோமியத்தின் நச்சு வடிவம் இருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும். அந்தப் புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் விசிறிக் குழாயும் பொருத்தமான முகக்கவசமும் இல்லாமல் எஸ்.எஸ். பிளேட்டை வெட்டச் சொல்ல எந்த மேஸ்திரிக்கும் உரிமை இல்லை.