பிளாஸ்டிசைசருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

பிவிசி இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தாலே தெரியும். அதே பிவிசி மழைக்கோட்டாகவும் மேசை விரிப்பாகவும் மடிகிறதே, அது எப்படி? நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற ஒரு திரவம் புகுந்து, அவை ஒன்றையொன்று இறுகப் பிடிக்காமல் வழுக்க விடுகிறது. அதுதான் பிளாஸ்டிசைசர். மிக மென்மையான சில பொருட்களில் எடையில் 30, 40 சதவீதம்கூட இதுவாக இருக்கும்.

'வனையத் தக்கது' என்ற பொருள் கொண்ட கிரேக்கச் சொல் பிளாஸ்டிகோஸ்தான் இதன் வேர். தமிழில் நான் நெகிழ்வூட்டி என்றே எழுதுகிறேன். சங்கப் பாட்டில் தலைவி மெலிந்தால் வளை நெகிழும், அதாவது பிடி தளர்ந்து நழுவும். சங்கிலிகளுக்கு நடப்பதும் அதுவே. 'இளக்கி' சின்னச் சொல்தான், ஆனால் கேட்டதும் மலமிளக்கி ஞாபகம் வந்துவிடுகிறது.

நெடுங்காலமாக இந்த வேலைக்குப் பயன்பட்டவை தாலேட்டுகள். பெட்ரோலியத்திலிருந்து வருபவை, அந்தப் பெயரே நாப்தலீனிலிருந்து, அதாவது துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டையின் பெயரிலிருந்து, வெட்டி எடுத்தது. இவற்றில் சில ஹார்மோன்களைக் குலைக்கும் என்ற கவலையால் அமெரிக்கா 2008-இல் குழந்தைகளின் பொம்மைகளில் அவை 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது.

அப்புறம்தான் எல்லோரும் தாவர எண்ணெய் பக்கம் திரும்பினார்கள் என்று நினைக்க வேண்டாம். 1862-இல் அலெக்சாண்டர் பார்க்ஸ் லண்டன் கண்காட்சியில் காட்டிய பார்க்சீன், பிளாஸ்டிக்குகளின் முன்னோடி, அதன் செய்முறையிலேயே விளக்கெண்ணெய் உண்டு! ஆனால் பிவிசியோடு தாவர எண்ணெய் அப்படியே ஒட்டாது, நாளடைவில் வியர்வை மாதிரி மேலே கசிந்துவிடும். அதனால் சோயா எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பெராக்சைடின் உதவியால் ஆக்சிஜனை ஏற்றுகிறார்கள், அங்கே எபாக்சி எனப்படும் சின்னச் சின்ன மூவணு வளையங்கள் உருவாகின்றன. இந்த வளையங்கள் எண்ணெயை பிவிசியோடு சேர வைப்பதோடு, சூட்டில் பிவிசி வெளிவிடும் ஹைட்ரஜன் குளோரைடையும் பிடித்துக்கொள்கின்றன. இதை 'எபாக்சியேற்றிய சோயா எண்ணெய்' என்று எழுதலாம். பெரும்பாலும் இது தனியாக அல்ல, வேறொரு நெகிழ்வூட்டிக்குத் துணையாகவே சேர்கிறது.

'தாவர நெகிழ்வூட்டி' என்று எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தாவரத்திலிருந்து வந்தது சேர்த்த எண்ணெய் மட்டும்தான், பிவிசி பிவிசியேதான், மண்ணில் மக்காது. ஜாம் பாட்டிலின் இரும்பு மூடியைத் திருப்பினால் உள்விளிம்பில் நகம் பதியும் மெத்தென்ற வளையம் ஒன்று தெரியும், இந்தச் சோயா எண்ணெய் வழக்கமாகச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.